ஃபியூஸ் கேரியரை முதலில் மாட்டுங்கள்

வாசகர் கடிதம்:

"வணக்கம் சார். எனக்கு 62 வயது. திருப்பூரில் மாநகராட்சிக்குள்ளேயே ஆறு லைன் வீடு இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் இருந்தவரை எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். அவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது நான்தான் வாடகை வாங்குகிறேன். ஐந்து வீட்டுக்கு மாதம் 4,500 ரூபாய், அட்வான்ஸ் 20,000. மூன்றாவது வீட்டுக் குடும்பம் போன செப்டம்பரிலிருந்து ஜனவரி முடிய ஐந்து மாதம் வாடகை தரவில்லை. அவர் கட்டிங் மாஸ்டர். கம்பெனியில் ஆர்டர் இல்லை என்கிறார். கேட்டால் 'தர்றனுங்க, அடுத்த வாரம் தர்றனுங்க' என்கிற ஒரே பதில்தான். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். போட்ட 11 மாத அக்ரிமென்ட் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோவையில் வேலை பார்க்கும் என் மகன் போன வாரம் வந்தபோது கோபத்தில் அந்த வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டான். அவர்கள் நாலாவது வீட்டிலிருந்து வயர் இழுத்து ஒரு லைட் போட்டிருக்கிறார்கள். பூட்டுப் போட்டுவிடலாம் என்கிறான் மகன். எனக்குப் பயமாக இருக்கிறது.

முதல் வீட்டில் 14 வருஷமாக ஒரு பெரியவர், டெய்லர், 1,800 ரூபாய் வாடகையில் இருக்கிறார். அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்கவில்லை. 12 வருஷம் தாண்டினால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடும் என்கிறார்களே? ஆறாவது வீட்டுக்கு நான்கு பேர் என்று சொல்லி வந்த வடக்கத்திப் பையன்கள் இப்போது எட்டுப் பேர். பக்கத்துக்காரர்கள் காலி பண்ணச் சொல்கிறார்கள். ஆறு வீட்டுக்கும் ஒரே மீட்டர். சப்மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறோம். என்னால் முடியுமா, இல்லை மொத்தமாகப் புரோக்கரிடம் விட்டுவிடலாமா?"

பதில்:

அன்புள்ள அம்மா,

மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். இதைப் படித்ததும் மகனுக்கு போன் போட்டு, பிடுங்கிய ஃபியூஸ் கேரியரை எங்கே வைத்திருக்கிறான் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்றைக்கே மாட்டிவிடுங்கள். நாலாவது வீட்டிலிருந்து இழுத்த வயர் ஒரு நாள் மழையில் நனைந்தால் ஐந்து மாத வாடகைப் பாக்கி ஒரு பொருட்டாகவே இருக்காது.

உங்கள் மகனைத் திட்டும் தகுதி எனக்கில்லை. வக்கீலாகப் பதிவு செய்த இரண்டாவது வருஷம் நானும் அதைச் செய்தவன். எங்கள் அம்மாவுக்கு நாலு லைன் வீடு இருந்தது. ஒரு வீட்டில் மூன்று மாதப் பாக்கி. சித்திரை வெயிலில் ஒரு சாயங்காலம் போய் ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. போனேன். அந்த வீட்டில் குடியிருந்த பெண் ஒரு பெஞ்சில், நான் எதிர் பெஞ்சில். சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, "வக்கீல் சார், சட்டம் நாங்க உங்ககிட்ட கத்துக்கணும்" என்றார். பீங்கான் கேரியர் இன்னும் என் பையில்தான் கனத்துக்கொண்டிருந்தது. மூன்று மாத வாடகையும் போய், அடுத்த இரண்டு மாதம் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் "கரண்டைப் புடுங்குனவங்கதானே" என்று ஒரு வார்த்தை தயாராக இருந்தது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதால் அது உங்கள் வீடுகளுக்குப் பொருந்தும். கரண்ட், தண்ணீர், கழிப்பறை, வழி இவற்றை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று அதில் தனியாகவே ஒரு பிரிவு இருக்கிறது. பாக்கி எத்தனை மாதமானாலும் சரி. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும், அபராதமும் வரலாம். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பூட்டுப் போடுவது அதைவிட மோசம். அப்போது நீங்கள் பாக்கி கேட்கும் வீட்டுக்காரம்மா இல்லை, கிரிமினல் புகாரில் எதிரி.

சரி, பாக்கிக்கு வருகிறேன்.

அம்மா, உங்கள் கணக்கை நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஐந்து மாதம், 4,500 வீதம் 22,500. கையில் இருக்கும் அட்வான்ஸ் 20,000. அதாவது ஜனவரி பாதியிலேயே அட்வான்ஸ் கரைந்து முடிந்துவிட்டது. லைன் வீடு வைத்திருப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: அட்வான்ஸ் என்பது பீரோவில் வைக்கிற பணம் இல்லை, உங்கள் கையில் இருக்கிற நாள் கணக்கு. நாலரை மாத அட்வான்ஸ் வாங்கினால் நாலரை மாதம் பொறுக்கலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. நோட்டீஸ் கொடுக்க ஒரு மாதம், அவர்கள் வேறு வீடு பார்க்க ஒரு மாதம், கடைசிக் கரண்ட் பில், உடைந்த கதவு, சுண்ணாம்புச் செலவு இதற்கெல்லாம் ஒரு மாத வாடகை. போக மிச்சம் ஒன்றரை மாதம். ஆக, இரண்டாவது மாத வாடகை வராத அன்றைக்கே நீங்கள் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அக்டோபரில் பேசியிருந்தால் அவருக்கும் சுலபம். 9,000 ரூபாய் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். 22,500 என்பது வாரச் சம்பளக்காரர் கண்ணுக்கு எட்டாத தொகை. எட்டாத கடனை யாரும் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பதில்லை, அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். 'அடுத்த வாரம் தர்றனுங்க' என்பது பொய் என்று மட்டும் நினைக்காதீர்கள். கொஞ்சம் வெட்கமும் அதில் இருக்கும்.

அவர் சொல்லும் காரணம் ஊரறிந்தது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் எத்தனை யூனிட்டில் ஷிப்ட் குறைந்தது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாக்கி தொடங்கியதும் செப்டம்பரில்தான். அதற்காக நீங்கள் அந்தக் குடும்பத்தைச் சும்மா வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. இவர் ஏமாற்றுக்காரரா, கஷ்டப்படுகிறவரா என்று தெரிந்தால் எந்த வழியில் போவது என்பது தெரியும். ஏமாற்றுக்காரர் என்றால் தாமதிக்காமல் வாடகை நீதிமன்றம். கஷ்டப்படுகிறவர் என்றால் வேறு வழி இருக்கிறது, அதைத்தான் நான் முதலில் முயன்று பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கணவன் மனைவி இருவரையும் உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஞாயிறு என்று சொல்வதில் காரணம் இருக்கிறது: பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் சனிக்கிழமை சம்பளம். சனி சாயங்காலம் கையில் வருகிற பணம் திங்கட்கிழமை மளிகைக் கடைக்கும் வாரவட்டிக்காரருக்கும் போய்விடும். நடுவில் இருக்கிற ஒரே காலைப்பொழுது ஞாயிறு. மாதம் ஐந்தாம் தேதி என்று வாடகை நாள் வைப்பது மாதச் சம்பளக்காரருக்குச் சரி, வாரச் சம்பளக்காரருக்கு அது தினமும் தள்ளிப்போகிற தேதி. எங்கள் அம்மா நாலு வீட்டுக்கும் வாரவாரம்தான் வாங்கினார். நீளமான கணக்கு நோட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம். கொடுத்தவரையே தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார். எழுதத் தெரியாதவர்கள் ஒரு புள்ளி வைப்பார்கள்.

மகனை அன்றைக்கு வரச் சொல்ல வேண்டாம். மகளோ, தெருவில் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு பெரியவரோ கூட இருக்கட்டும். ஃபியூஸ் விஷயத்துக்கு, "பையன் பண்ணினது தப்புதான், மாட்டியாச்சு" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர்கள் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அது. பிறகு இப்படிக் கேளுங்கள்: பிள்ளைகளுக்கு ஏப்ரலில் பரீட்சை முடிகிறது. ஏப்ரல் 30 வரை இருங்கள். பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் 1,050 ரூபாய். பதின்மூன்று வாரத்தில் 13,650 வரும். மூன்று மாத வாடகை அதில் தேறிவிடும். பழைய பாக்கி 22,500-இல் அட்வான்ஸ் 20,000-ஐ ஈடுகட்டிக்கொள்கிறேன். மிச்சம் 2,500-ஐ விட்டுத்தருகிறேன், ஏப்ரல் 30 அன்று சாவி என் கைக்கு வந்தால்.

2,500 ரூபாய் விட்டுக்கொடுக்கச் சொல்கிறானே என்று நினைப்பீர்கள். வழக்குப் போட்டால் வக்கீல் பீஸ், வாய்தாவுக்குப் போய்வரும் ஆட்டோ, வழக்கு நடக்கும் மாதங்களின் வாடகை என்று பாருங்கள். 2,500 உங்களுக்கு நஷ்டமே இல்லை. வக்கீலாகிய எனக்குத்தான் நஷ்டம்.

இந்தப் பேச்சை வெறும் வார்த்தையாக விடக் கூடாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் 30 வரைக்கான புது ஒப்பந்தமாகவே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பழைய பாக்கித் தொகை, அட்வான்ஸில் கழியும் விவரம், வாரத் தொகை, காலி செய்யும் தேதி எல்லாம் அதிலேயே வரட்டும். காலக்கெடு தாண்டியும் இருந்தால் இரட்டிப்பு வாடகை கேட்க சட்டமே இடம் தருகிறது, அதையும் ஒரு வரியாகச் சேருங்கள். மிரட்ட இல்லை. படிக்கும்போதே மே மாதம் என்பது கணக்கில் இல்லை என்று அவர்களுக்குப் புரியும்.

ஒப்பந்தம் ஒருபுறம் இருக்க, நோட்டீஸையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள். இதை நிறையப் பேர் செய்யத் தவறுகிறார்கள். சமரசம் பேசியாகிவிட்டதே, நோட்டீஸ் எதற்கு என்று விட்டுவிட்டு, சமரசம் உடைந்த பிறகு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, கேட்டு நோட்டீஸ் கொடுத்த ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டவில்லை என்றால் வீட்டைத் திரும்பக் கேட்டு வாடகை நீதிமன்றம் போகலாம். அந்த ஒரு மாதம் நோட்டீஸ் அவர் கைக்குப் போன நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். முதலில் நோட்டீஸ், அடுத்த ஞாயிறு பேச்சு, அதற்கடுத்து ஒப்பந்தம் என்ற வரிசையில் போங்கள். நோட்டீஸ் எழுத வக்கீல்கூடத் தேவையில்லை. எந்த வீடு, எந்தெந்த மாத வாடகை, மொத்தம் எவ்வளவு, ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் சட்டப்படி வீட்டைத் திரும்பக் கேட்பேன்: இந்த ஐந்து செய்தி போதும். பழைய ரிஜிஸ்டர் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. பெற்றுக்கொண்டதற்கான சான்று வருகிற மாதிரி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலையும் ரசீதையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். பிறகு வாரப் பணம் வாங்கும்போதெல்லாம் ரசீதில் "பிப்ரவரி மாத வாடகைக்காக" என்று எழுதிக் கொடுங்கள். வெறுமனே "வரவு 1,050" என்று எழுதினால், அது பழைய பாக்கிக்கா, புது வாடகைக்கா என்று நாளைக்கு ஒரு சண்டை வரும்.

இனி அக்ரிமென்ட். 11 மாதம் போட்டால் பதிவு வேண்டாம் என்று உங்கள் வீட்டுக்காரரும் நினைத்திருப்பார், ஊரில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். 11 மாதம் என்கிற வழக்கம் அதிலிருந்து தப்பிக்க வந்தது. ஆனால் இந்தப் புதிய வாடகைச் சட்டம் வேறு ஒரு பதிவைக் கேட்கிறது: எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் வாடகை அதிகாரி. அதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது. ஒப்பந்தம், இருவரின் அடையாளச் சான்று எல்லாம் ஏற்றினால் ஒரு பதிவு எண் கொடுப்பார்கள். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தின்படி நிவாரணம் கேட்கப் போனால் முதல் நாளே தடுமாற வேண்டியிருக்கும். ஆறு வீட்டுக்கும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். உங்கள் மகனுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். கோபம் இறங்கவும் நல்லது, கம்ப்யூட்டரும் அவருக்குத்தான் தெரியும்.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். நீங்கள் வாங்குவது நாலரை மாதம். ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்து வருபவரின் அட்வான்ஸை வாங்கித்தான் போனவருக்குக் கொடுப்பது என்பது நம் ஊர்ப் பழக்கம். வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் அந்தப் பழக்கம் சந்தி சிரிக்கும். ஆறு வீட்டு அட்வான்ஸையும் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டு, அதன் ஏடிஎம் கார்டை வாங்காமலே இருந்துவிடுங்கள்.

முதல் வீட்டுப் பெரியவர் விஷயம். 12 வருஷம் இருந்தால் வீடு சொந்தம் என்கிற பேச்சு டீக்கடைக்கு டீக்கடை ஓடுகிறது. 12 வருஷக் கணக்கு என்பது உங்கள் உரிமையை மறுத்து, 'இது என்னுடையது' என்று ஊரறிய அனுபவிப்பவருக்கு. மாதாமாதம் 1,800 ரூபாய் உங்கள் கையில் கொடுக்கிறவர் ஒவ்வொரு மாதமும் நீங்கள்தான் வீட்டுக்காரர் என்று ஒப்புக்கொண்டுகொண்டே இருக்கிறார். உங்கள் அனுமதியால் உள்ளே வந்தவர், அந்த வாடகை உறவு நீடிக்கும்வரை 'வீடு உங்களுடையது இல்லை' என்று சொல்ல முடியாது. 14 வருஷமில்லை, 40 வருஷம் ஆனாலும் அவர் குடியிருப்பவர்தான். ஆனால் அவர் வாடகை கொடுக்கிறார் என்பதற்கு உங்களிடம் சான்று என்ன? ஒன்றுமில்லை. அதுதான் கவலைப்பட வேண்டிய இடம். இந்த மாதத்திலிருந்தே இரட்டை ரசீது போடுங்கள், உங்கள் பிரதியில் அவர் கையெழுத்து. ஒப்பந்தமும் எழுதுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போட மறுப்பதே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. அவரிடம் அதைச் சொல்லிப் பயமுறுத்தத் தேவையிராது என்றே நினைக்கிறேன்.

அவர் வாடகையை ஒரேயடியாக 4,500 ஆக்காதீர்கள். 2,500 என்று தொடங்கி வருஷம் 400 என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இது என் சொந்த அபிப்பிராயம்தான். 14 வருஷம் ஒரே இடத்தில் இருக்கும் பெரியவர்தான் பெரும்பாலும் லைன் வீட்டில் மோட்டார் போட்டு நிறுத்துகிறவர், யார் புதிதாக வந்து போகிறார்கள் என்று பார்க்கிறவர், செப்டிக் டேங்க் நிரம்பியதை முதலில் சொல்கிறவர். அவர் குறைத்துக் கொடுக்கிற 2,700 ரூபாய்க்கு உங்களுக்கு ஒரு வாட்ச்மேன் கிடைக்க மாட்டார். உங்கள் பெரியவர் அப்படிப்பட்டவர் இல்லை என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

ஆறாவது வீட்டில் தப்பு எண்ணிக்கையில்தான், ஊரில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் 'வடக்கத்திக்காரங்க' என்று சொல்வதை அப்படியே உங்கள் புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்களே எழுதியபடி வாடகை பாக்கி வைத்திருப்பவர்கள் அவர்கள் இல்லையே. பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் எட்டுப் பேர் படுத்தால், ஒரே கழிப்பறைக்கு விடிகாலையில் வரிசை நின்றால், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சண்டை வரத்தான் செய்யும். நான்கு பேர் என்று ஒப்பந்தத்தில் பெயரோடு எழுதுங்கள். நான்கு பேரின் ஆதார் நகல், சொந்த ஊர் முகவரி, வேலை செய்யும் கம்பெனி, அவர்களைக் கூட்டி வந்த கான்ட்ராக்டரின் நம்பர். காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரப் படிவத்தையும் கொடுத்துவிடுங்கள், இது எல்லா வீட்டுக்கும்தான், ஆறாவது வீட்டுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். மீதி நான்கு பேருக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். உங்களைக் கேட்காமல் இன்னொருவருக்கு இடத்தை விடுவது, அதற்கு வாடகை வாங்குவது இரண்டும் ஒப்பந்தத்தில் தடை என்று இந்தியிலும் ஒருவரை வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத காகிதத்தில் வாங்கிய கையெழுத்தை நான் கையெழுத்தாகவே எண்ணுவதில்லை. இவர்கள் வாடகையை ஜிபேயில் போடுகிறவர்களாக இருந்தால் இன்னும் நல்லது, ரசீது தானாகவே சேர்ந்துவிடும்.

கரண்ட். இதில் நீங்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனாலும் சொல்கிறேன். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்பது சரியில்லை. மின்சாரத்தை விற்கும் உரிமை உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும்தான். நாம் பில்லைப் பங்கு போடலாம், லாபம் வைக்கக் கூடாது. உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குப் புரிகிறது: ஒரே மீட்டர் என்பதால் உங்களுக்கு வரும் பில்லே அதிகம். கணக்கைப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 140 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வீட்டுக்கு 840. 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் அந்த 100 ஒருமுறைதான் கழியும். மிச்சம் 740 யூனிட்டுக்குக் காசு, அதுவும் 500-ஐத் தாண்டியதால் மேல் கட்டணப் படியில். ஆறு வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் 40 யூனிட்டுக்குத்தான் காசு, ஆறுக்கும் சேர்த்து 240. அரசாங்கம் அந்த ஆறு குடும்பத்துக்கும் கொடுக்கிற சலுகை உங்கள் ஒற்றை மீட்டரில் நின்றுபோகிறது.

தனிச் சமையலறை, தனி வாசல் உள்ள வீடுகள் என்பதால் தனி இணைப்புக் கேட்கலாம். கட்டட முடிவுச் சான்று கேட்பார்களா என்று முதலில் உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு, பிறகு வயரிங் செலவு செய்யுங்கள். இணைப்பு வரும்வரை பில்லைச் சுவரில் ஒட்டி, சப்மீட்டர் அளவுப்படி பங்கு போட்டு வாங்குங்கள். மோட்டார், பொதுக் கழிப்பறை லைட் செலவை ஆறாகப் பிரித்துக்கொள்ளலாம். தனித்தனி மீட்டர் வந்துவிட்டால் இன்னொரு லாபமும் உண்டு. பில் கட்டாதவருக்கு மின்வாரியமே இணைப்பைத் துண்டிக்கும். உங்கள் மகன் ஃபியூஸ் பக்கமே போக வேண்டியதில்லை.

ரிப்பேர் யார் செலவு என்பதற்குச் சட்டத்தின் பட்டியலே இருக்கிறது. சுவர், கூரை, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் உங்களுடையது. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு, உடைந்த கண்ணாடி குடியிருப்பவருடையது. ரிப்பேருக்காக உள்ளே போக வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்னால் எழுதிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிடுங்கள். உங்கள் வீடுதான் என்றாலும் திடீரென்று கதவைத் தள்ளாதீர்கள்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. சொத்து இன்னும் உங்கள் வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்துக் குடும்பம் என்றால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு, அவருடைய தாயார் இருந்தால் அவருக்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி வீட்டு வரியையும் மின் இணைப்பையும் பெயர் மாற்றுங்கள். நீங்கள் வாடகை வாங்கவும் நோட்டீஸ் கொடுக்கவும் தங்களுக்குச் சம்மதம் என்று பிள்ளைகளிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். மூன்றாவது வீட்டுக்காரர் நாளைக்கு 'நீங்க யாருங்க கேக்கறதுக்கு' என்று ஒரு வக்கீலை வைத்துக் கேட்டால் பதில் கையில் இருக்க வேண்டும். வருமான வரி வருகிற அளவு வேறு வருமானம் இருந்தால், வாடகையில் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று செலவே காட்டாமல் கழித்துக்கொள்ளலாம். இத்தோடு அதை விடுகிறேன்.

புரோக்கரிடம் விடலாமா என்று கேட்டீர்கள். ஆள் பிடித்துக் கொடுப்பதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாத வாடகை கமிஷனோடு முடிந்துவிடும். வசூலுக்கு வேண்டாம். ஆறு வீடு என்பது ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேர வேலை. ஒரு நோட்டு, ஒரு ரசீதுப் புத்தகம், ஒரு பேனா. நீங்கள் நேரில் உட்கார்ந்து வாங்கும்போது யார் வீட்டில் வேலை போனது, யார் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று காதில் விழும். இரண்டாவது மாதம் வாடகை ஏன் வராது என்பது முதல் மாதமே தெரிந்துவிடும். புரோக்கருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார். தீபாவளிக்குப் போனஸ் வாங்கின வாரத்தில் பழைய பாக்கியெல்லாம் நேராகும் என்பதும், ஊருக்குப் போகிறவர்களில் யார் திரும்ப மாட்டார்கள் என்பதும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால்தான் பிடிபடும்.

ஏப்ரல் 30 அன்று மூன்றாவது வீடு காலியாகும்போது சாமான் ஏற்றும் முன்பே போய்விடுங்கள். சப்மீட்டர் எண்ணைப் போட்டோ எடுங்கள், சுவர், கதவு, குழாய் எல்லாம் அவர்கள் கண்முன்னே பார்த்து, "கணக்கு முடிந்தது" என்று இரண்டு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள். சாவி இரண்டு கொடுத்திருப்பீர்கள், இரண்டையும் வாங்குங்கள். மூன்றாவதாக ஒன்று வெட்டி அவர் வண்டிச் சாவிக் கொத்தில் மாட்டியிருப்பார், அதையும் கேளுங்கள்.